எந்த வீட்டிலும் காற்று நிற்கக் கூடாது

ஒரு ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம், தூத்துக்குடியில் கப்பல்காரர்களைக் கட்டிக்கொண்ட எங்கள் ஒவ்வொருத்தி வீட்டுக்குள்ளும், அவரவர் வீட்டுக்காரர் எந்தக் கடலில் இருக்கிறாரோ அந்தக் கடலின் காற்று வந்து அடிக்கத் தொடங்கியது. அது எப்படி வந்தது என்று விசாரிக்கக் கல்லூரியிலிருந்து வந்தார்கள், டிவியிலிருந்து வந்தார்கள், கையில் ஏதோ ஒரு மீட்டரைப் பிடித்துக்கொண்டு ஒரு வெள்ளைக்காரர்கூட வந்தார்; எல்லோரும் ஆளுக்கொரு காபி குடித்துவிட்டு, ஆளுக்கொரு காரணம் சொல்லிவிட்டுப் போனார்கள். நாங்கள் துணி காயப்போடும் நேரத்தை மாற்றிக்கொண்டோம்.

காற்று எந்த வழியாக வந்தது என்பது எங்களுக்குத் தெரியும். கடல்வீடு வழியாக வந்தது. கடல்வீடு என்பது இன்டர்நெட்டில் எங்களுக்கென்று இருந்த ஒரு பக்கம். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் டி.டி.பி. கடையில் கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்த சலேத்மேரி, தன் வீட்டுக்காரர் டைட்டஸிடமிருந்து பல நாளாகப் போன் வரவில்லை என்ற ஆத்திரத்தில், தனக்குத் தெரிந்த அரைகுறைக் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு அதை உண்டாக்கினாள். ஒருத்தியின் வீட்டுக்காரர் இன்னொருத்தியின் வீட்டுக்காரர் கப்பலை ஏதாவது ஒரு துறைமுகத்தில் பார்த்திருப்பார், அதைத் தன் பெண்டாட்டியிடம் சொல்லியிருப்பார், அவள் அதை இங்கே எழுதுவாள். அவ்வளவுதான் அதன் தொழில்நுட்பம். கோயிலில் அந்திமணி அடித்ததும் எல்லோரும் வந்து கப்பலின் பெயரையும் அது இருக்கும் இடத்தையும் எழுத வேண்டும். சேதி இல்லாதவள் ‘வழியில’ என்று எழுத வேண்டும். தெரியவில்லை என்று எழுதக் கூடாது, போய்விட்டார் என்று எழுதவே கூடாது. கடலில் இருக்கும் மனுஷனைப் பற்றி நாங்கள் வாயால்கூட அப்படிச் சொல்வதில்லை. எழுதியவள் வீட்டில் மறுநாள் காற்றடிக்கும். எழுத மறந்தவள் வீட்டில் காலண்டர் தாள்கூட அசையாது.

ஊர் என்பது எதையும் ஒரு வாரத்துக்கு மேல் அதிசயமாக வைத்துக்கொள்ளாது. என் வீட்டுக்காரர் லியோன் பால்டிக் கடல் பக்கம் ஓடும் கப்பலில் இருந்தார், அதனால் அக்கினி நட்சத்திரத்திலும் என் வீட்டில் தேங்காய் எண்ணெய் உறைந்து கிடக்கும். பால்காரர் என் வாசலில் மட்டும் மப்ளரை எடுத்துச் சுற்றிக்கொள்வார், தெருவில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் பூமாலைகள் முந்தின நாளே என் வீட்டுக்கு வந்துவிடும். வளைகுடாப் பக்கம் போனவரின் வீட்டில் ஐப்பசி மழையிலும் வத்தல் காய்ந்தது, அந்த வீட்டம்மா தெருவில் நடந்தால் பெண்கள் எழுந்து நின்றார்கள். பிஸ்கே விரிகுடாவைத் தாண்டுகிற ஆட்களின் குடும்பத்துக்கு வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை, சுவரெல்லாம் ஓதம் ஏறிவிடுகிறது என்று ஓனர்கள் கையை விரித்தார்கள். பெண் பார்க்கப் போன இடங்களில் மாப்பிள்ளைக்குச் சம்பளம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் எந்தக் கடல் என்று கேட்டார்கள். மூச்சுத்திணறல்காரர்களை டாக்டரே இன்னார் வீட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினார். காற்று வாசற்படியைத் தாண்டாது என்பது ஒரு புண்ணியம், தாண்டியிருந்தால் தெருவில் யாரும் யாரோடும் பேச்சுவார்த்தை வைத்திருக்க மாட்டோம்.

ஆனால் காற்றுக்குக் கை கிடையாது. அது வரும், சேலைத் தலைப்பை இழுக்கும், அடுப்பை அணைக்கும், போய்விடும். போனபிறகு வீடு முன்னைவிடப் பெரிதாகத் தெரியும். அதை நாங்கள் யாரும் எழுதியதில்லை. எழுதுவதற்கு அந்தப் பக்கத்தில் கட்டம் இல்லை.

நாலு வருஷத்துக்கு முன் ஒரு கார்த்திகையில், டைட்டஸ் வேலை பார்த்த செலிண்டா என்ற சரக்குக் கப்பல் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையை விட்டுக் கிளம்பி, பத்தொன்பது ஆட்களோடு, எந்தத் துறைமுகத்துக்கும் போய்ச் சேரவில்லை. கப்பலுக்கு ஆள் அனுப்பிய ஏஜென்சியில் முதலில் போனை எடுக்கவில்லை, பிறகு அந்த போனே அடிக்கவில்லை. அந்தக் கப்பலில் எங்கள் பக்கத்து ஆட்கள் இரண்டு பேர்: என்ஜின் ரூமில் டைட்டஸ், சமையல்கட்டில் ஆறுமுகநேரி சுடலைமணி. சுடலைமணியின் பெண்டாட்டி தேவிக்கு அப்போது ஏழு மாதம். அவர்களுக்கு ஒரு பெண்குழந்தை பிறந்து, தவழ்ந்து, நடந்து, பேசவும் தொடங்கிவிட்டது, கப்பல் இன்னும் வரவில்லை.

அந்த இரண்டு வீட்டிலும் காற்று நின்றுவிடும் என்று நாங்கள் பயந்தோம். நிற்கவில்லை. முன்போலத் தினமும் வரவில்லை, நேரங்காலம் பார்த்தும் வரவில்லை. திடீரென்று ஒரு மத்தியானம், ஈரமாக, டீசல் வாடையும் அழுகின ஆரஞ்சுப்பழ வாடையுமாக, மூச்சு வாங்குகிற மாதிரி விட்டுவிட்டு அடிக்கும். சில சமயம் பத்து நாள் வராது. ஒரு தடவை இருபத்தாறு நாள் வரவில்லை, அந்த இருபத்தாறு நாளும் சலேத் கஞ்சியைத் தவிர எதையும் தொடவில்லை. வந்தால் இரண்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் வரும். “ஒனக்கு வந்துச்சா?” என்று இவள் ஆறுமுகநேரிக்குப் போன் போடுவாள். “இப்பத்தான்க்கா, கொடித்துணி ஆடுது” என்பாள் தேவி. அதற்கு மேல் இரண்டு பேரும் பேசமாட்டார்கள். காற்று வருகிறது என்றால் அந்தக் காற்றில் ஒரு மனுஷன் எங்கேயோ நிற்கிறான் என்று அர்த்தம், அதைத் தாண்டிக் கேட்கிற தைரியம் இரண்டு பேருக்கும் இல்லை. அந்திமணி அடித்ததும் இரண்டு பேரும் ‘வழியில’ என்று எழுதுவார்கள்.

இதற்கிடையில் நாகப்பட்டினம், ராமநாதபுரம், கன்னியாகுமரி என்று எல்லா ஊரிலிருந்தும் பெண்கள் வந்து சேர்ந்து நாங்கள் மூவாயிரம் பேர் ஆகிவிட்டோம். சலேத் வாடகைக்கு எடுத்திருந்த சர்வரால் அத்தனை கடலைத் தாங்க முடியவில்லை. பக்கம் சிக்கிக்கொண்டால் காற்றும் அந்தந்த வீட்டில் சிக்கிக்கொண்டது: மணப்பாட்டில் ஒருத்தியின் வீட்டுக்காரர் புயலைத் தாண்டிப் போய்க் கரையில் நின்று ஐஸ்கிரீம் சாப்பிடுகிற போட்டோ அனுப்பியிருக்கிறார், இவள் வீட்டில் மூன்றாவது நாளாக அண்டாவும் குண்டாவும் பறந்துகொண்டிருக்கின்றன. ஆளாளுக்குச் சலேத்தைப் பிடித்து ஏசினோம். அவள் பத்திரிகை அடிக்கிற வேலையையும் பார்த்து, மூவாயிரம் பேரின் ஏச்சையும் கேட்டு, இரண்டு முறை தலை சுற்றி விழுந்தாள். ஒருநாள் பக்கம் மொத்தமாக நின்றது, எல்லோர் வீட்டிலும் காற்று நின்றது, அன்றைக்கு ஊரில் இத்தனை வீடுகள் இவ்வளவு அமைதியாக இருக்க முடியும் என்று எங்களுக்குத் தெரிந்தது.

அப்போதுதான் நெடுங்கடல் குழுமம் வந்தது. அவர்களிடம் கப்பல் இருந்தது, துறைமுகம் இருந்தது, இன்சூரன்ஸ் இருந்தது; இல்லாமலிருந்தது எங்கள் வீட்டுக் காற்றுதான். அவர்கள் ஆளாகச் சென்னையிலிருந்து வந்தவர் அரவிந்தாட்சன், நாற்பது வயதிருக்கும், நல்ல மனுஷன். அதுதான் இதில் கஷ்டமே, கெட்டவனாக இருந்திருந்தால் ஏசுவதற்கு எனக்கு ஒரு ஆள் கிடைத்திருப்பான். சித்திரை மாதம் என்பதால் கூட்டத்தை என் வீட்டில் வைத்தோம். பல் தந்தியடிக்க உட்கார்ந்திருந்தவருக்கு லியோனின் ஸ்வெட்டரை எடுத்துக் கொடுத்தேன்.

“காசு தாரிய, சரி. என்னத்துக்குத் தாரிய?” என்று கேட்டாள் சலேத்.

“சேட்டிலைட்டைவிட உங்க வீட்டு அடுப்படி சரியா சொல்லுதும்மா. எந்தக் கடல்ல என்ன காத்துன்னு எங்க கப்பல்களுக்குத் தெரியணும். சர்வர், ஆளு எல்லாத்தையும் நாங்க பாத்துக்கறோம். கடல்வீட்டுல பாதிக்கு மேல பங்கு எங்களுக்கு. பேரு உங்களோடதுதான், எழுதறதும் நீங்கதான்.”

“எங்க ஆளுக எங்க இருக்காகன்னு நாங்க எழுதுறது?”

“அதுல ஒரு எழுத்தை மாத்த மாட்டோம். வேற என்ன வேணுமோ சொல்லுங்க, ஒப்பந்தத்துல போட்டுடலாம்.”

எங்களிடம் காசு கேட்கக் கூடாது என்று ஒருத்தி சொன்னாள். நகைக்கடன் விளம்பரம் போடக் கூடாது என்று இன்னொருத்தி சொன்னாள். மூன்றாவதைச் சொன்னது நான்தான். சொல்லும்போது சலேத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், அந்த இருபத்தாறு நாள் கஞ்சிக் கிண்ணம்தான் என் கண்ணுக்குள் இருந்தது. “எந்த வீட்லயும் காத்து நிக்கக் கூடாது, சார். ஒரு நாளும் நிக்கக் கூடாது. அத எழுதிக் குடுங்க” என்றேன். கூடம் முழுக்க ஆமாம் ஆமாம் என்றது. சலேத் என் கையைப் பிடித்துக்கொண்டாள், அவள் கை ஐஸாக இருந்தது, என் வீட்டில் யார் கையும் அப்படித்தான் இருக்கும். அரவிந்தாட்சன் அதை நோட்டில் எழுதி அடியில் கோடு போட்டுக்கொண்டார். மனிதர் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார்.

வைகாசியில் எல்லாம் மாறியது. பக்கம் சிக்குவது நின்றது. ஆப் ஒன்று வந்தது, அதில் நீலக் கடலும் கடலில் எங்கள் கப்பல்கள் ஒவ்வொன்றும் ஒரு புள்ளியாகவும் தெரிந்தன. காலையில் எழுந்ததும் ‘இன்று உங்கள் வீட்டில் மிதமான தென்மேற்குக் காற்று’ என்று போன் சொன்னது, நாங்களும் அதற்குத் தகுந்த மாதிரி சட்னிக்கு அரைத்தோம், தலைக்குக் குளித்தோம். சலேத்துக்கு நிறுவனர் என்று போட்ட அடையாள அட்டை வந்தது. அதைவிடப் பெரிதாக, அவள் வீட்டிலும் தேவி வீட்டிலும் தினமும் நாலு மணிக்குக் காற்று வந்தது. ஒரு நாள் தவறவில்லை. சலேத் ஒரு சுற்று பெருத்தாள். கொழுக்கட்டை செய்து தெருவெல்லாம் கொடுத்தாள். தேவியின் மகள் நாலு மணிக்குக் கொடிக்குக் கீழே போய் நின்றுகொண்டு, அப்பா வாராக, அப்பா வாராக என்று பாவாடையை விரித்துச் சுற்றுவாளாம்.

ஒரு நாள் நானும் நாலு மணிக்குச் சலேத் வீட்டில் இருந்தேன். காற்று வந்தது. கடையிலிருந்து வந்த புதுத்துணி மாதிரி சுத்தமாக இருந்தது.

“பழவாடையே காணுமே சலேத்து” என்றேன்.

“பழம் தீந்துபோயிருக்கும்க்கா” என்றாள்.

அவள் அதை யோசித்து வைத்திருந்திருக்கிறாள். நான் கேட்பதற்கு முன்னால் எத்தனை முறை தனக்குத்தானே கேட்டு, எத்தனை முறை அந்தப் பதிலைச் சொல்லிக்கொண்டாளோ. நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

செலிண்டாவுக்கும் ஆப்பில் ஒரு புள்ளி இருந்தது. நாலு வருஷமாக யார் கண்ணிலும் படாத கப்பல் அந்த நீலத்தில் ஆப்பிரிக்காவின் கீழ்முனையைச் சுற்றியது, மடகாஸ்கரைத் தாண்டியது, கொழும்புக்கு வந்தது. மூவாயிரம் பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம், ஒருத்திகூட எப்படி என்று எழுதவில்லை. ஆவணி மாதம் ஒரு வியாழக்கிழமை காலை அந்தப் புள்ளி தூத்துக்குடிக்குள் வந்து எட்டாம் பெர்த்தில் நின்றது.

துறைமுகக் கேட்டுக்கு நாங்கள் நாலு பேர் போனோம். சலேத் டைட்டஸின் கட்டம் போட்ட சட்டையை அயர்ன் பண்ணி மஞ்சள்பையில் வைத்திருந்தாள். தேவி மகளுக்குப் பட்டுப்பாவாடை கட்டி முதல் பஸ்ஸில் வந்திருந்தாள். கேட்டில் நின்ற காவல்காரர் லிஸ்டைப் பார்த்தார், போன் போட்டுக் கேட்டார், “அப்படி ஒரு கப்பலே இல்லம்மா. எட்டுல நிலக்கரிக் கப்பல் நிக்குது, ரெண்டு நாளா நிக்குது” என்றார். நாங்கள் ஆப்பைக் காட்டினோம். அவர் அதையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, வெயிலில் நிற்காதீர்கள் என்று ஓரமாக உட்கார வைத்தார். பன்னிரண்டரை மணிக்குப் புள்ளி நகர்ந்தது. எட்டாம் பெர்த்தை விட்டு வெளியே வந்து, மாலத்தீவைப் பார்த்துத் திரும்பியது.

“அப்பா போயிட்டாகளா?” என்று கேட்டது பிள்ளை.

தேவி சட்டென்று அதன் வாயைப் பொத்தினாள். பொத்திய கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் சலேத் அரவிந்தாட்சனுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள். அவர் எதையும் மறைக்கவில்லை. செலிண்டாவிலிருந்து சிக்னல் எதுவும் இல்லை, குழுமம் வருவதற்கு முன்பும் இல்லை. ஆனால் இரண்டு பேர் தினமும் வழியில் இருப்பதாக எழுதினார்கள், கம்ப்யூட்டர் அதை நம்பியது. அப்படி ஒரு கப்பல் ஓடினால் எங்கே இருக்கும் என்று கணக்குப் போட்டு, அந்தக் கடலின் சராசரிக் காற்றை எடுத்து இரண்டு வீட்டுக்கும் அனுப்பியது.

“நீங்க கேட்டதுதாம்மா. எந்த வீட்லயும் காத்து நிக்கக் கூடாதுன்னு எழுதி வாங்கினீங்க” என்றார். குரலில் குற்றம் சொல்கிற தோரணை இல்லை, உண்மையிலேயே குழம்பிப்போயிருந்தார்.

“அப்ப, முன்னால எனக்கு வந்துட்டிருந்த காத்து?”

“ஒரு வீட்டுக்குள்ள ஒரு காத்துதான் அடிக்கும். எங்களோடதை நிறுத்தினா அது திரும்ப வரலாம்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “வராமலும் இருக்கலாம்மா. நிறுத்தணும்னா நீங்க எழுதிக் குடுக்கணும். யோசிச்சு சொல்லுங்க.”

நாலு மணி ஆனது. குழுமத்தின் காற்று வந்து மஞ்சள்பையை ஆட்டியது. சலேத் எழுந்து அந்தப் பையைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள்.

தேவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். “நான் நிறுத்தலக்கா” என்றாள். “எனக்கு ஏலாது. நீங்க நிறுத்துங்க. ஒங்களுக்கு வந்துச்சுன்னா எனக்குச் சொல்லுங்க, அன்னைக்கே நானும் நிறுத்திருதேன்.” ஒரே கப்பல். ஒரு வீட்டில் தெரிந்தால் இரண்டு வீட்டுக்கும் தெரிந்த மாதிரி. சலேத் சரி என்று தலையாட்டினாள். தேவியைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள் என்பது மட்டும்தான் அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

சலேத் அன்றைக்கே எழுதிக் கொடுத்தாள், மறுநாள் அவள் வீட்டில் காற்று நின்றது.

தெருக்காற்று வந்து ஏமாற்றிவிடும் என்று ஜன்னலையெல்லாம் சாத்தினாள். ஃபேனைப் போடவில்லை, போட்டால் அது வந்தது தெரியாமல் போய்விடும். புரட்டாசிப் புழுக்கத்தில், வேர்த்து ஒழுக ஒழுக, கூடத்தின் நடுவில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். எதிரில் கொடியில் டைட்டஸின் கைக்குட்டை ஒன்று தொங்கியது. வேலைக்குப் போய்வந்த நேரம் போக அங்கேயே இருந்தாள். நாங்கள் ஆளுக்கொரு சாக்கு வைத்துக்கொண்டு போனோம், மீன்குழம்பு, உறைமோர், கரண்ட் பில் என்று. உள்ளே போனால் மெதுவாக நடக்க வேண்டும், சேலை வீசக் கூடாது. கைக்குட்டையை நாங்களும் பார்ப்போம். சாயங்காலம் அவள் ‘வழியில’ என்று எழுதுவாள், அவளுக்குக் கீழே தேவியும் எழுதுவாள்.

பத்து நாள் ஆனது. இருபது ஆனது. இருபத்தாறாம் நாள் நான் அவளோடு இருந்தேன், நாள் எண்ணவில்லை என்று இரண்டு பேரும் நடித்தோம். இருபத்தேழாம் நாள், அதுவரை கஞ்சியோடு இருந்தவள் சாதம் வடித்து, குழம்பு வைத்து, வயிறு நிறையச் சாப்பிட்டாள். அதைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது. கூட்டத்தில் அன்றைக்கு என் வாயை யாராவது பொத்தியிருக்கலாம். அந்தச் சுத்தமான காற்று வராமல் இருந்திருந்தால், பழையது எந்த நாளில் நின்றது என்றாவது இவளுக்குத் தெரிந்திருக்கும். கடைசிக் காற்று வந்தபோது இவள் கொழுக்கட்டைக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாளோ என்னவோ. அல்லது கடைசிக் காற்று வந்து, உள்ளே இடம் இல்லாமல், வாசலோடு திரும்பிப் போயிருக்கும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

நாற்பத்தொன்றாம் நாள் அந்திமணி அடித்தது. எல்லோரும் அவரவர் கப்பலை எழுதினோம். தேவிக்குப் போனில் கேட்க மனசு வரவில்லை போலிருக்கிறது, எல்லோரும் பார்க்கிற இடத்திலேயே கேட்டுவிட்டாள்.

“அக்கா, ஒங்களுக்கு வந்துச்சா? நானும் நிறுத்தட்டா?”

சலேத் எழுதுகிறாள் என்று ஆப் மூன்று புள்ளிகளைக் காட்டியது. பிறகு எழுதவில்லை என்று காட்டியது. மறுபடி எழுதுகிறாள் என்றது. மணப்பாட்டிலும் நாகூரிலும் குளச்சலிலும் மூவாயிரம் பெண்கள் அவரவர் காற்றில் தலைமுடி பறக்க அந்த மூன்று புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அரைமணி நேரம் ஆகியிருக்கும்.

“நீ நிறுத்தாத” என்று வந்தது.

நான் ஸ்வெட்டரைக் கழற்றிப் போட்டுவிட்டுச் செருப்பு மாட்டாமல் தெருவில் இறங்கி நடந்தேன். சலேத்தின் வீட்டு ஜன்னல்கள் திறந்திருந்தன, லைட் எரிந்தது, கூப்பிடலாம் என்று வாசலில் வாயைத் திறந்தபோது உள்ளேயிருந்து சத்தம் கேட்டது. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.